மில் வாசல் படம்

படம் டீச்சர் என்று கேட்டால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

எடுப்பது சரித்திரப் பாடம். பாடப்புத்தகத்தில் தபால் தலை அளவுக்கு அச்சாகியிருந்த கறுப்புத் திட்டைக் காட்டி, இதுதான் துறைமுகம், நம்புங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வெறுத்துப்போனவள் அவள். ஒருநாள் இணையத்தில் எதையோ தேடப் போய், பெரிய பெரிய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் பழைய படங்களையும் வரைபடங்களையும் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். வகுப்பில் தாராளமாகக் காட்டலாம், யாரிடமும் பல்லிளிக்க வேண்டியதில்லை. அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஓட்டை புரொஜெக்டர் ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் நச்சரித்து வாங்கினாள். வகுப்பில் சரித்திரம் என்றால் கொட்டாவி என்றிருந்த காலம் போயிற்று.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் படத்தையும் ஓரத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

"நடுவுல இருக்கிறது படம் எடுத்தவர் காட்ட நெனச்சது. அவர் காட்ட நெனைக்காதது ஓரத்துல இருக்கும். அதைப் புடிங்க" என்பாள்.

பிள்ளைகளும் பிடித்தார்கள். அதிலும் முதல் பெஞ்சில் ஒரு பெண், பூதக்கண்ணாடி என்றே பட்டப்பெயர் வாங்கிவிட்டாள். சந்தைப் படத்தில் கூடைக்குப் பின்னால் தூங்கும் நாயைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

இதில் டீச்சர் ஒரு சோம்பேறித்தனம் செய்துவந்தாள். அந்தத் தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பெரியது இறங்கி முடிவதற்குள் பள்ளிக்கூடத்து இணையத்தில் பீரியடே முடிந்துவிடும். அதனால் எப்போதும் சின்னதைத்தான் எடுப்பாள். நாய்க்கும் கூடைக்கும் அதுவே போதும் என்று இருந்துவிட்டாள்.

மில் படமும் அப்படித்தான் வந்தது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரின் நூல் மில் எரிந்தது. நூற்புக் கூடத்தின் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. அன்றைக்கு வாசல் காவலில் இருந்தவர் அவளுடைய அப்பா. சாவியை முதலாளியே தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார் என்று அப்பா சொன்னார். இல்லவே இல்லை என்றார் முதலாளி. ஊர் அப்பாவைத்தான் நம்பியது. ஊர் மண்ணை வாரித் தூற்றிய சாபங்களோடு முதலாளி ஊரைவிட்டே போனார். அப்பாவை எல்லாரும் பாவம் மனுஷன் என்றார்கள். மனைவி போனபின் இரண்டாம் கல்யாணம் செய்யாமல், தானே தலை பின்னிவிட்டு, மகளை டீச்சராக்கிய மனுஷன். அவளுக்கு அவரைவிட உசத்தியாக உலகத்தில் யாரும் கிடையாது.

எப்போதோ செத்துப்போன பத்திரிகைப் படக்காரர் ஒருவருடைய சேகரிப்பு முழுவதையும் அருங்காட்சியகம் இந்த வருஷம்தான் வலையேற்றியது. அதில் மில் தீயும் இருந்தது. நம் ஊரே பாடமாக வந்துவிட்டதே என்று டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடியின் தாத்தாவுக்கு அக்கா ஒருத்தி அந்தக் கூடத்தில் செத்தவள். "உங்க அப்பாவையே கூட்டிட்டு வாங்க டீச்சர், நேர்ல பாத்தவங்க அவர் ஒருத்தர்தானே இருக்காரு" என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"படமா? அன்னிக்கு யாரு படம் புடிச்சா?"

"பத்திரிகைக்காரர்ப்பா. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்காரு."

அப்பா டம்ளரை ஓரமாகத் தள்ளினார். பிறகு கேட்டார். "அதைப் பெருசு பண்ணிப் பாத்தா, எவ்வளவு தூரம் தெரியும்?"

அந்தக் கேள்வி அவளுக்கு என்னவோ போல இருந்தது. செத்தவர்களைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்திருந்தாள்.

"ஒண்ணும் தெரியாதுப்பா. நான் பாத்துட்டேன். ஒரே புகைதான்."

"அப்போ வரேன்" என்றார்.

மறுநாள் அவள் வகுப்பில் நுழைந்தபோது திரையில் படம் ஏற்கெனவே விழுந்திருந்தது. அவள் எடுத்த படமில்லை. பூதக்கண்ணாடி வீட்டிலேயே பெரிய பிரதியை இறக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஓரத்துல பாருங்க டீச்சர். ஒருத்தர் நிக்கிறாரு."

சின்னப் பிரதியில் புகைத் திட்டாக இருந்தது இப்போது ஆளாக நின்றது. காவல்காரத் தொப்பி. முகம் கதவைப் பார்த்திருந்ததால் முதுகு மட்டும் தெரிந்தது. இடது கை பின்னால் வளைந்து, தொங்கும் வலது கையின் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்த வலது கையில் ஒரு சாவிக்கொத்து. எதிரே, புகை கக்கும் கதவில் பூட்டு.

"உங்க அப்பாகிட்ட இது யாருன்னு கேக்கலாம் டீச்சர். எல்லார் போனுக்கும் அனுப்பிட்டேன்."

டீச்சர் திரைக்குக் கிட்டே போனாள். வீட்டு ஜன்னலோரம் அப்படி நிற்கும் முதுகை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாள். ஊருக்கு அது வெறும் முதுகு. அவளுக்கு அப்படியா? புரொஜெக்டரை அணைக்கக் கை போனது. அணைத்துத்தான் என்ன, அத்தனை பிள்ளைகளின் பையிலும் அந்தக் கதவு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

அப்பா சலவைச் சட்டையில் வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். கண்ணில் புரை விழுந்தவர், திரையில் வெளிச்சம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. மகள் பார்த்துச் சொன்ன புகையை நம்பி, தைரியமாகப் பேசினார்.

"சாவி மட்டும் என் கையில இருந்திருந்தா, ஒரு உசுரும் போயிருக்காது கண்ணுங்களா. வெறுங்கையோட நின்னேன்."

குரல் தழுதழுத்தது. இந்த இடத்தில் அவருக்கு எப்போதும் தழுதழுக்கும். சின்ன வயதில் அந்தக் குரலைக் கேட்டு அவளும் கூடவே அழுதிருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு உடம்பு கூசியது.

"தாத்தா, ஓரத்துல ஒருத்தர் நிக்கிறாரே, அவரு யாரு?" என்று பூதக்கண்ணாடி மரியாதையாகத்தான் கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே?" என்று அப்பா திரைப் பக்கம் திரும்பினார். வகுப்புக்கு முதுகு காட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போய் நின்றார். இடது கை தானாகப் பின்னால் போய் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"அப்பா, கையை எடுங்க" என்றாள்.

அத்தனை பிள்ளைகளும் சாவியை விட்டு அவர் முதுகைப் பார்த்தார்கள். பிறகு திரையை. பிறகு மறுபடி அவரை. பூதக்கண்ணாடி மெதுவாக எழுந்து நின்றாள்.

அவர் மட்டும் திரும்பாமலே, அதே மாதிரி நின்றபடி, "எந்தக் கையம்மா?" என்று கேட்டார்.