நெடுவரம்புக் குளத்துக்கு ஒரு பாடம்

செத்துப்போன ராஜாக்களின் உத்தரவுகளைப் படித்துச் சொல்வதற்கென்றே அரசாங்கம் ஆள் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ரசலையன் அந்த ஆட்களில் ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாதவர். ஆகவே கோயில் பிராகாரத்துக் கல்வெட்டுகள் அவருக்குக் கிடையாது. தொல்பொருள் துறை, பெருந்தன்மையோடு, வெளியே கிடந்த கல்லையெல்லாம் அவருக்கு ஒதுக்கியது. குளத்து மடை, கால்வாய்க் கரை, வயல் வரப்பு, எருமை முதுகு சொறிந்துகொள்ளும் தூண் எல்லாம் அவர் ஆட்சிக்கு உட்பட்டவை.

கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மையை ஒற்றி எடுத்தால் எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் தாளில் இறங்கும். முழங்கால் சேற்றில் நின்றபடி பதினோரு வருஷம் இதைச் செய்தார். செய்ததில் அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான்: இந்த நாட்டில் யாரும் யாருக்கும் சும்மா எதையும் சொன்னதில்லை. இந்த மடையை இன்ன நாளில் திறக்க வேண்டும். தவறினால் கெங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். இந்தக் குளத்தை இன்னார் தூர்வார வேண்டும். தவறினால் அதே பசு, அதே கெங்கைக் கரை. எல்லாக் கல்லின் அடியிலும் ஒரே முத்தாய்ப்பு: இது சந்திராதித்தர் உள்ளவரை செல்வது. சந்திரனும் சூரியனும் இருக்கும் மட்டும் செல்லும் என்று பொருள். ராஜா போனார், வம்சம் போனது, குளம் தூர்ந்து வாழைத்தோப்பானது. உத்தரவு மட்டும் இன்னும் அமலில் இருந்தது.

இவற்றைப் பற்றி நானூறு பக்கத்துக்கு ஓர் ஆராய்ச்சியை அவர் எழுதி முடிக்கவிருந்த சமயத்தில் ராஜ்யங்கள் இரண்டு சேர்ந்து ஒன்றாயின. அலுவலகங்களும் சேர்ந்தன. இரண்டு நாற்காலி இருந்த இடத்தில் ஒன்று போதும் என்று கண்டறியப்பட்டது. மிஞ்சிய நாற்காலியில் ரசலையன் இருந்தார்.

அரசாங்கம் அவரைக் கைவிடவில்லை. ‘எழுத்து தெரிந்தவர்’ என்று குறிப்பெழுதி, 1950ஆம் வருஷம் சுகாதாரத்தின் பக்கம் தள்ளிவிட்டது. அங்கே ஜனங்களுக்குப் பாடம் தயாரிக்கும் பிரிவு என்று ஒன்று இருந்தது. கை கழுவுவது எப்படி, கொசுவை விரட்டுவது எப்படி, காலரா வராமல் காப்பது எப்படி என்று பாமர ஜனங்களுக்குப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிரிவுக்குத் தலைவர் முத்துநாயகம். படம் அச்சாகி, கட்டாகி, லாரியில் ஏறிவிட்டால் பாடம் நடந்தாயிற்று என்பது அவருடைய கல்விக் கொள்கை.

“சார், பாடம் எழுதும் முன்ன அந்த ஊரைப் போய்ப் பாக்கணும்” என்றார் ரசலையன் முதல் மாதமே.

“எதுக்கு?”

“படித்துறையில எந்தக் கல்லு தேஞ்சிருக்கோ அங்ஙனதான் மனுசன் கால் வைக்கான். அதைப் பாத்தாத்தான் அவனுக்கு என்ன சொல்லணும்னு தெரியும்.”

“ரசலையன், இது பழைய வேலை இல்ல. இங்க ஜனங்க உயிரோட இருக்காங்க. நாம அனுப்பினா வாங்கிக்கிடுவாங்க.”

ஜனங்கள் உயிரோடு இருப்பது பற்றிய இந்தத் தகவல் 1952 ஆடியில் காலாவதியாகத் தொடங்கியது. நெடுவரம்பில் காலரா வந்தது.

நெடுவரம்பு நெல் விளையும் ஊர். ரசலையனின் தங்கை செல்லபாயைக் கட்டிக் கொடுத்ததும் அந்த ஊரில்தான். ஊர் நடுவில் குளம். குளத்துக்கு நான்கு படித்துறை. எந்தத் துறை யாருக்கு என்பதற்குக் கல்வெட்டு ஏதும் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. காலரா மட்டும் விவரம் கேட்காமல் நான்கு துறையிலும் இறங்கியது. நோயாளிகளின் துணியை அலசியதும் அந்தத் தண்ணீரில்தான், குடித்ததும் அந்தத் தண்ணீரைத்தான். பதினொரு பேர் போனார்கள்.

குளத்தை விட்டுவிட்டு, மருந்து போட்ட ஊர்க்கிணற்றில் மட்டும் தண்ணீர் எடுக்கவைக்க வேண்டும். இதுதான் பாடம். முத்துநாயகத்தின் படம் வந்து சேர்ந்தது. முண்டும் நேரியதும் உடுத்த, பூசினாற்போன்ற இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே கிணற்றில் நீர் இறைத்தார்கள். பிரிவு இருந்தது திருவனந்தபுரத்தில், ஆகவே கீழே வாசகம் மலையாளத்தில். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“கொள்ளாம். இவ உடுத்திருக்க துணி நல்ல வெள்ளை” என்றாள் செல்லபாயின் அண்டை வீட்டுக்காரி பூங்கனி. பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

ஊர்க் காரியம் பார்க்கும் தாணப்பன் ரசலையனைத் தனியாக அழைத்தார். நன்செய் உள்ள வெள்ளாளர். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் அவருடைய தம்பி.

“ஓய், இந்தப் படம் திருவனந்தபுரத்துக்காரிகளுக்கு உள்ளதுன்னு நெனச்சுகிட்டாளுவ. எங்க பொம்பளையளுக்குப் படம் காட்டி ஆவாது. பயம் காட்டணும்.”

“நோயே பயந்தானே, அண்ணாச்சி?”

“நோயி தலைவிதி. தலைவிதிக்கு எவன்வே பயப்படுவான்? பாவத்துக்குத்தான் பயப்படுவான்.”

ரசலையன் அன்று முழுக்கக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷம் படித்த கல்லெல்லாம் ஒரு பாடப்புத்தகமாக அவர் முன் விரிந்ததாகக் கொள்ளலாம். மூன்றாம் நாள் கல்தச்சனை வைத்து, நான்கு துறையும் பார்க்கும்படி ஒரு கல் நட்டார். யாருக்கும் விளங்கும் எழுத்தில் இப்படி இருந்தது: ‘இக்குளத்தில் குடிநீர் மோந்தார் கெங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக்கடவார். கிணற்று நீரே குடிப்பது. இது சந்திராதித்தர் உள்ளவரை செல்வது.’

தாணப்பன் கரையில் நின்று உரக்கப் படித்தார். அன்று மாலை ஒரு குடம் கூடக் குளத்தில் இறங்கவில்லை. வேதக்காரர்களான கிறிஸ்தவக் குடும்பங்களும் இறங்கவில்லை. “நமக்குப் பசு பாவம் உண்டோ இல்லியோ, பின்ன எதுக்கு வம்பு?” என்று செல்லபாயின் மாமியார் தீர்ப்புச் சொன்னாள். பத்து நாளில் காலரா நின்றது. முத்துநாயகம் தம் படத்தின் வெற்றியைப் பற்றி மேலே ஓர் அறிக்கை அனுப்பினார்.

உலகத்தில் பாடம் எழுதும் எவரும் செய்யாத தவறொன்றை ரசலையன் செய்திருந்தார் என்பதை அப்போது எவரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட. கல்வெட்டு என்றால் கடைசி வரி இருக்க வேண்டும். கை பழக்கத்தில் அதையும் எழுதிவிட்டிருந்தார். தாம் எழுதுவது ஒரு பருவத்துக்கான பாடம் என்பதும், சூரியனுக்கும் சந்திரனுக்கும் அதில் சம்பந்தம் இல்லை என்பதும் அவருக்கு உறைக்கவில்லை.

1954 ஐப்பசி மழையில் ஊர்க்கிணற்றின் சுவர் சரிந்து, கிணறு சேற்றால் மூடியது. இதற்குள் குளத்தைத் தூர்வாரி, துணி அலசத் தடை போட்டு, சுகாதார ஆட்கள் பிளீச்சிங் பொடியும் கலக்கியிருந்தார்கள். இரண்டு வருஷமாகக் குடம் படாத குளம், கரை தளும்பக் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஊர் அதைச் சுற்றிக்கொண்டு ஒரு மைல் நடந்து, மேலூர்களின் எருமையும் அழுக்குத் துணியும் கடந்து வரும் கால்வாய்த் தண்ணீரை மோந்து குடித்தது. கல்லுக்கு முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு எரிந்தது.

முத்துநாயகத்தின் பிரிவு ஒரு தகரப் பலகை அனுப்பியது: ‘இனி இக்குளத்து நீரைக் குடிக்கலாம்.’

“கல்லு சொன்னதைத் தகரம் மாத்துமா?” என்றார் தாணப்பன்.

தையில் காலரா திரும்ப வந்தது. முதல் வாரம் நான்கு பேர். இரண்டாம் வாரம் பூங்கனி. காலையில் கால்வாய்க்குப் போய்வந்தவள், மறுநாள் காலையில் பாயோடு போனாள். கைப்பிள்ளை அதற்கு அடுத்த நாள்.

செல்லபாய் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். ரசலையன் வந்ததும் அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“எனக்கு மூணு பிள்ளைய உண்டுண்ணே. நீரு எழுதின பாவத்துக்கு எத்தனை குடுக்கணும்னு சொல்லும். எண்ணி எடுத்து வைக்கேன்.”

“நீயாவது குளத்துல எடுக்கலாமேட்டி. உனக்குத் தெரியாதா?”

“எடுத்தேன். ஊரே கூடி குடத்தை உடைச்சுப் போட்டு. பாவம் எனக்கு மட்டும் வராதாம், ஊருக்கே வந்துருமாம்.”

தொல்பொருள்காரனுக்கு முதல் விதி, எழுத்துள்ள கல்லின் மேல் இரும்பு படக்கூடாது. ரசலையன் மறுநாள் காலை கல்லைக் கழுவினார். ஈரத்தாளை ஒட்டி அடித்து, மை ஒற்றி, ஒரு படி எடுத்துக்கொண்டார். பழக்கத்தை என்ன செய்வது? பிறகு கடப்பாரையை எடுத்தார். ஊர் தள்ளி நின்று பார்த்தது.

“நீரு நட்ட கல்லு. நீரே உடையும். எங்க கை படாது” என்றார் தாணப்பன்.

நாலாவது குத்தில் கல் பிளந்தது. ஐந்தாவது குத்து வழுக்கி, இடது பாதத்தில் இறங்கியது. ரசலையன் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு துறையில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தார். யாரும் பின்னால் வரவில்லை.

“நாளைக்கு இந்நேரம் உயிரோட இருக்கேரான்னு பாப்போம்” என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. அதில் குரோதம் ஒன்றும் இல்லை, கணக்குத் தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

ரசலையனுக்கு அதிலேயே பாடம் கிடைத்துவிட்டது. தினமும் பெண்கள் கால்வாய்க்குப் புறப்படும் நேரத்தில் அவர்கள் கண்ணெதிரே அந்தத் தண்ணீரைக் குடித்து, தினமும் சாகாமல் இருந்து காட்ட வேண்டும். பதினைந்து நாள் காட்டினால் ஊர் இறங்கும் என்று மதிப்பிட்டார். தங்கை வீட்டில் தங்கினார். பாடத்தில் ஒரே ஒரு நிபந்தனை: நடுவில் அவர் படுத்துவிடக்கூடாது. காலரா என்றில்லை, தலைவலி வந்தால்கூட அது குளத்துக் கணக்கில் ஏறும். அப்புறம் எந்தக் காலத்திலும் ஒருத்தியும் இறங்கமாட்டாள்.

பாதம் நான்காம் நாள் வீங்கியது. “நாகர்கோவில் ஆசுபத்திரியில காட்டிட்டு வாரும்” என்றாள் செல்லபாய்.

“போனா என்ன சொல்லுவாளுவ தெரியுமா? குளத்து வெள்ளம் குடிச்சு ஆசுபத்திரிக்குப் போனான்னு சொல்லுவாளுவ. பதினஞ்சு நாள் கழியட்டும்.”

ஆறாம் நாள் தாணப்பனின் மனைவி வடிவாம்பாள் முதல்முறையாகப் படித்துறை வரை வந்து நின்றாள். ஏழாம் நாள் பாதத்தை நனைத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் ரசலையன் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தார். தலையணை சரியில்லை என்றார். கஞ்சியை மென்று விழுங்க நெடுநேரம் ஆனது.

ஒன்பதாம் நாள் ஊரே வந்திருந்தது. வடிவாம்பாள் இடுப்பில் வெறும் குடத்தோடு நின்றாள். ரசலையன் படியில் ஒவ்வொன்றாக இறங்கி, குனிந்து, தண்ணீரை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை. திரும்ப அள்ளினார். பல் கிட்டிப் போயிருந்தது. தண்ணீர் மோவாய் வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உறைந்து நின்றது. அது அவர் சிரித்த சிரிப்பு இல்லை.

“ஐயோ, வெள்ளம் உள்ள போவமாட்டேங்கே!”

“குளம் வாயைப் பூட்டிட்டு!”

வடிவாம்பாள் ஒரு படி மேலே ஏறினாள். எல்லாக் குடமும் மெல்லப் பின்வாங்கின. செல்லபாய்க்குப் புரிந்துவிட்டது. இரும்புக் காயத்தால் வரும் தனுர்வாதத்தை அவள் தன் மாமனாரிடம் பார்த்திருக்கிறாள். வாய் பூட்டிய பிறகு அவர் எத்தனை நாள் இருந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அண்ணனைப் பிடிக்கப் போகவில்லை. அவரைத் தாண்டி இறங்கி, கை நிறைய அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை குடித்தாள். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பினாள்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க! கல்லை உடைச்ச ஆளுக்கு வாய் பூட்டிட்டு. பாவம் எங்கண்ணன் தலையில போச்சு. முழுசும் போச்சு. இனி இந்த வெள்ளத்துல என்ன மிச்சம் இருக்கு? நான் குடிச்சேன், என் வாய் பேசல்லியா? எக்கா வடிவு, வந்து மோந்துட்டுப் போங்க!”

சாபத்தை ஒரு நாளும் நம்பாத ரசலையன், அதை மறுத்துப் பேச உலகத்திலேயே தகுதியுள்ள ஒரே ஆசாமி, படியில் நின்று அதைக் கேட்டார். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. கழுத்து வளையாததால் இடுப்பிலிருந்து குனிந்து, ஆமாம் என்று காட்டினார்.

வடிவாம்பாளின் குடம் முதலில் நிறைந்தது.

மாட்டுவண்டியில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் இறந்தார். உடம்பு வில்லாக வளைந்துபோனதால் பெட்டி செய்கிறவர் இரண்டு முறை அளவெடுக்க வேண்டியிருந்தது. நெடுவரம்பில் அதற்குப் பிறகு ஒரே ஒரு சாவுதான் நடந்தது, அதுவும் முன்பே படுத்திருந்த கிழவர். குளக்கரையில் சாபம் போதித்ததற்காகச் சபையில் செல்லபாயை ஆறு மாதம் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அவள் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

சித்திரையில் முத்துநாயகம் காரில் வந்தார். நெடுவரம்பு முறையை மற்ற ஊர்களுக்கும் பாடமாக்கலாம் என்று மேலிடம் விரும்பியது. படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு, முதலில் என்ன செய்தார், அடுத்து என்ன செய்தார் என்று செல்லபாயிடம் வரிசையாகக் கேட்டார். அவள் வரிசையாகச் சொன்னாள்.

“இதைப் பக்கத்து ஊரில் செய்யணும்னா என்னம்மா வேணும்?”

“வேற என்ன சார், ஒரு அண்ணன் வேணும்.”

முத்துநாயகம் ‘தேவையானவை’ என்ற கட்டத்தில் ‘ஆள் – 1’ என்று எழுதி, அடுத்த கேள்விக்குப் போனார்.