ஊமத்தைக் கஷாயம்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷம். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் என் பதினெட்டு வயது மகள் என்னைப் பார்த்து, "கண்டக்டர், சத்திரம் வந்தா சொல்லுங்க" என்றாள். விளையாட்டு என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. காலையிலிருந்து அவளுக்கு மூச்சிழுப்பு. இழுப்புக்கு உலர்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகையை இழுக்கச் சொல்வார்கள். பெண்பிள்ளை புகை பிடிப்பதாவது என்று எனக்குக் கூச்சம். கஷாயம் இன்னும் சுத்தமானது என்று, படித்தவனான நானே முடிவு செய்தேன். மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் காய்ச்சிக் கொடுத்திருந்தேன்.

நாலு மணிக்குள் அவள் முகம் சிவந்து உடம்பு கொதித்தது. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. கருமணி விரிந்து கண்ணே கறுப்பாகிவிட்டது. சம்மணமிட்டு உட்கார்ந்து, வெறும் காற்றில் பூவை எடுத்து வைத்து, நாரைச் சுற்றி முடிச்சை இறுக்கினாள். விரல்கள் ஒரு சுற்றைக்கூடத் தவறவிடவில்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

திரும்பி வந்த மனைவி அதே காலோடு ஜட்கா பிடித்து, டாக்டரை அழைத்து வரத் தில்லை நகருக்குப் போனாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டம்மா கற்பூரத்தோடு வந்துவிட்டார்.

"கோயில் தாயார் இவ மேல வந்திருக்காங்க. மாலை கட்டுறாங்க பாருங்க. தொந்தரவு பண்ணாதீங்க."

"தாயார் எதுக்குங்க பஸ்ல சத்திரம் போகணும்?"

"படிச்சவருக்கு எல்லாம் கேலிதான்."

கேலியில்லை. அவர் சொல்வது உண்மையாக இருக்கக் கூடாதா என்றுதான் ஏங்கினேன். வந்த தாயார் போய்விடுவார். நான் கொடுத்தது போகுமா? இவளுக்குப் புத்தி திரும்புமா? வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். ஏற்றிய கற்பூரத்தை மகள் கையால் அள்ளப் போனாள். தட்டைப் பிடுங்கி அணைத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு மனைவியோடு டாக்டர் வந்தார். மகள் அவரிடம், "டிக்கெட் வாங்கிட்டேன்" என்றாள். கண்ணில் டார்ச் அடித்தார். கருமணி சுருங்கவில்லை.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க" என்றாள் மனைவி.

"நான் குடுத்தேன்" என்றேன். "ஊமத்தை. காய்ச்சி." மனைவி என் பக்கம் திரும்பவேயில்லை.

டாக்டர் பையை மூடினார். "மூளைக்குள்ள போற சேதியை இந்த இலை கலைச்சிடும். அப்புறம் மூளை தன் இஷ்டத்துக்கு பஸ்ஸு, பூவுன்னு காட்டும். விஷம் இறங்கினா தெளிவு வந்துடும். இப்ப உயிர்தான் அவசரம், என் கார்லயே ஏத்துங்க. இதை ரெண்டு மணி நேரம் முன்னாடி அந்தம்மாகிட்ட சொல்லி அனுப்பியிருந்தா, முறிவு மருந்தைக் கையோட கொண்டுவந்திருப்பேன், சார்."