கம்பிக்குப் பொறுப்பான அதிகாரி

கேரள எல்லையோரம் காரோடு ஊரில், விளை என்று நாங்கள் சொல்லும் எங்கள் வாழைத்தோட்டத்தின் குறுக்கே போகும் மின்கம்பி வாழை இலையில் உரசும் அளவுக்குத் தாழ்ந்து தொங்கியது. மின்சார ஆபீஸில் நானே இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவையும் ஓவர்சியர் வாங்கி, நகலில் சீல் குத்தித் தந்து, "நோக்காம் டீச்சரே" என்றார். பார்க்கலாம் என்றவர் வந்து பார்க்கவில்லை.

கர்க்கடக மாத, அதாவது ஆடி மழையில் ஒரு காலை கம்பி அறுந்து விழுந்தது. வாழைக்குலை வெட்டப் போன என் கணவர், வழியில் சரிந்து கிடந்த இலையை ஒதுக்கக் குனிந்தார். அடியில் கம்பி. பக்கத்து விளைக்காரர் உலர்ந்த கமுகுத் தடியால் தள்ளிவிட்டதால் ஆள் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

நஷ்டஈடு கேட்டு எழுதினோம். ஒரு மாதம் கழித்து மின்சாரக் கம்பெனியிலிருந்து மலையாளத்தில் கடிதம் வந்தது. இயற்கைச் சீற்றமாம். அவர்கள் பக்கம் கவனக்குறைவு இல்லையாம். கம்பிக்குக் கீழே வாழை நட்டதுதான் தவறாம். சீல் குத்திய நகல்களைத் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரை பெரிய ஆபீஸுக்குப் போனேன். அங்கே எஞ்சினியர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"உங்க ஊர் செக்ஷன் ஆபீஸ்ல இருந்து ரிப்போர்ட் எங்களுக்கு வரணும் டீச்சர். நாங்க மேலே அனுப்பணும். அதுக்கும் மேலே போர்டுதான் முடிவு எடுக்கணும்."

"போர்டுல ஆரு?"

"போர்டுன்னா... போர்டாக்கும்."

அடுத்த தடவை போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர். அதற்கடுத்த தடவை இன்னொருவர். ஒவ்வொருவரும் "எந்தா விஷயம்?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் கணவரின் கையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது யாருடைய கையோ என்று ஆகிவிட்டது.

கடைசியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். நான் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஒண்ணும் வேண்டாம் டீச்சர். கரண்டு ஆபத்தான சாதனமாக்கும். அதைக் கம்பியில ஓட விடுறவங்க, அதனால ஆருக்கு என்ன வந்தாலும் பதில் சொல்லணும். கவனமா இருந்தாங்களா இல்லியான்னு கோர்ட்டு கேக்காது. கம்பி அவங்களோடது, அடிபட்டது இந்த சாருக்கு. அவ்வளவு போதும்."

கணவருக்கு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் கடிதத்தை வாங்கினார், யார் படித்தார், யார் காகிதக் கட்டுக்குள் செருகிவிட்டு வீட்டுக்குப் போனார் என்று ஒருவரும் கேட்காமலே ஜெயிக்கப் போகிறோமா?

அப்படித்தான் ஜெயித்தோம். இழுத்தடித்தார்கள், பிறகு தீர்ப்பு வந்தது. கம்பெனி நஷ்டஈடு தந்தது. ஊரார் கட்டும் கரண்டு பில்லிலிருந்துதான் தந்திருக்கும், அதில் எங்கள் பில்லும் உண்டு. தீர்ப்பில் ஓர் அதிகாரியின் பதவிகூட இல்லை.

"தந்தாச்சுல்லா, இனி விடு" என்றார் கணவர்.

எப்படி விட? அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஏற்றிய அதே கம்பி, அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தீர்ப்பின் நகலோடு எங்கள் ஊர் செக்ஷன் ஆபீஸுக்குப் போனேன். புது எஞ்சினியர் சின்னப் பையன்தான், நல்லவன். தீர்ப்பை முழுதும் படித்துவிட்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

"இப்படி ஒரு கேஸ் நடந்ததே எங்களுக்குத் தெரியாது டீச்சர். கேஸ் பாக்கிறது லீகல் செக்ஷன். இங்க ஒரு பேப்பரும் வரல்ல."

"அப்ப கம்பி?"

"அதுக்கு எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்பணும்."

பணம் கொடுத்தவர்களுக்குக் கம்பியைத் தெரியாது, கம்பி வைத்திருப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது தெரியாது. பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

அன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தலைமை ஆபீஸுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினேன். எங்கள் விளைக் கம்பி மறுபடி அறுந்து விழுந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பெயரும் பதவியும் என்ன?

இரண்டே வாரத்தில் லாரி வந்தது. ஆறு பேர் இறங்கி, நடுவில் ஒரு தூண் நட்டு, புதுக் கம்பி இழுத்துக் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பால் விடாத கட்டன் சாயா கொடுத்தபோது மூத்த லைன்மேன் சொன்னார்: "இந்தத் தூணு நம்ம யார்டுல மூணு வருசமாக் கெடக்குதாக்கும் டீச்சரே. ஏத்திக்கிட்டுப் போங்கன்னு ஒருத்தரும் சொல்லல்ல."

பிறகு என் கேள்விக்கும் பதில் வந்தது. மனுதாரர் குறிப்பிடும் குறைபாடு தற்போது இல்லை, எனவே பொறுப்பான அதிகாரி யார் என்ற கேள்வி எழவில்லை.

கணவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "இனி என்ன செய்யப்போற?"

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு என்று கடிதத்தின் அடியிலேயே போட்டிருந்தது. நான் வெள்ளைத்தாள் வாங்கக் கடைக்குப் புறப்பட்டேன்.