என் கல்யாணத்துக்கு மூன்று முறை கட்டிய பந்தல்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சின்ன வகுப்பு டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்து விடுதி வாசலில் அப்பா காவல். அம்மா சுற்றுவட்டாரத்துக் காடு கழனிகளில் கூலி வேலைக்குப் போவாள். மாப்பிள்ளை விழுப்புரத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காதான் எல்லாம்.

நிச்சயத்துக்கு வந்த அன்று அந்த அக்கா எங்கள் வீட்டுக் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க காலனியில கலர் பேப்பர் தோரணம் இல்லாம கல்யாணமே நடந்ததில்ல. தம்பியோட வேல செய்றவங்கள்லாம் வருவாங்க. எனக்குத் தலை குனிவு வரக்கூடாது."

கலர் பேப்பர் கடைப்பக்கம் தென்பட்டே ஒரு வருஷம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கே காகிதம் இல்லாமல் பிள்ளைகளைப் பலகையில் எழுதவைத்துக்கொண்டிருந்தோம். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பேப்பர் இல்லன்னா இன்னாக்கா? பூவும் எலையும் இல்லாமலா பூட்டுது? நான் கட்டிக் காட்றேன், பாருங்க."

மணப்பெண் அப்படிப் பேசுவாளா என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சொன்னது சொன்னதுதான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. அதனால் தை மாதக் கடைசியில் நாள் வைத்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஏரிக்கரைக்கு ஓடுவேன். ஆவாரை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு கொத்தைப் பறித்து வந்து தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் சாயந்திரமே உதிர்ந்தது. ஈரக் களிமண்ணில் காம்பைக் குத்தி வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் நின்றது. வைக்கோலைப் பிரியாகத் திரித்து, அதன் இடுக்கில் பூளைப்பூவைச் செருகினால் வெள்ளைச் சரிகை போட்டதுபோல் இருந்தது. அம்மா அறுப்புக்குப் போன இடத்தில் கேட்டு வாங்கி வந்த நெற்கதிர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, பந்தல் நடுவில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். காற்றடித்தால் சலசலவென்று சத்தம் போட்டன. பந்தல் கால்களுக்குச் செம்மண் பூசி, சுண்ணாம்பால் கோடிழுத்தேன். வேலையாக இருக்கும்வரை மனசு அடங்கியிருந்தது. கையை எடுத்தால் போதும், ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவுவது காதில் விழும். அவருக்கு லீவு கிடைத்ததென்று கடிதம் இன்னும் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை தந்தி வந்தது. தந்திக்காரரைத் தெருமுனையில் பார்த்ததுமே அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தெருவுக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்திதான். நான் பிடுங்கிப் படித்தேன். பட்டாள ரயில்கள் போகின்றன, லீவு இல்லை, அவ்வளவுதான்.

"உசுரோடதாம்மா கீறாரு. லீவுதான் இல்லியாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி அவளுக்கு. எனக்கு மட்டும் அது போதவில்லை. அன்று பகல் முழுக்கப் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் ஆவாரை உதிர்ந்தது. வைக்கோல் பிரியைப் பக்கத்து வீட்டு ஆடு இழுத்துத் தின்றது. நான் விரட்டவில்லை.

ஈஸ்டர் முடிந்து சித்திரையில் இரண்டாவது முறையாக நாள் வைத்தார்கள். தையில் கண்ட பூ ஒன்றும் இப்போது இல்லை. வெயிலில் எல்லாம் கருகிக் கிடந்தன, கொன்றையைத் தவிர. மயிலம் போகும் சாலையில் இலையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரம் சரமாக வெட்டி வந்தேன். பனங்குருத்தைக் கிழித்துப் பின்னித் தோரணம் செய்தேன். வாசலில் வாழைமரத்தோடு நுங்குக் குலைகளையும் கட்டினேன். உதிர்ந்த புங்கம்பூவைக் கூடையில் அள்ளிவந்து வழிநெடுகப் பரப்பினேன். மிதித்தால் மெத்தென்று இருந்தது. இந்தத் தடவை அவசரம் அதிகம். லீவு உண்டு என்று கடிதமே வந்திருந்தது. அதனால்தானோ என்னவோ என் பயமும் அதிகமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, உச்சி வெயிலில் ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார்.

"கூட்ஸு வண்டி தண்ணி புடிக்க நிக்குது. ஒங்க மாப்ள வந்துக்கீறாரு. ஜல்தியா வரச் சொன்னாரு."

அப்பா வேலையில் இருந்தார். மணப்பெண் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதாவது என்று அம்மா கையைப் பிடித்தாள். நான் உதறிக்கொண்டு ஓடினேன்.

பிளாட்பாரத்துக் கோடியில் எஞ்சினுக்குக் கீழே நின்றிருந்தார். முகமெல்லாம் கரி. நிச்சயத்தன்று பார்த்த ஆள்தானா என்று ஒரு கணம் தடுமாறினேன்.

"லீவு இல்லன்னுட்டாங்க," என்றார். "குடுத்ததத் திருப்பி வாங்கிக்கினாங்க. தந்தி அடிச்சா வூட்ல பயந்துக்குவீங்கன்னுதான் நானே வந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எத்தினி தபா பந்தல் கட்டறது? பூ இன்னா எனக்காகப் பூத்துக்கினே இருக்குமா? தெருவுல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும். எங்கக்காவும் அதான் பேசுது." அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், கரி போகவில்லை. "ஒனக்கு வேணாம்னு தோணுச்சின்னா இப்பவே சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மேலேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். பதில் சொல்ல அவகாசம் இல்லை. வண்டி நகர்ந்தபோது ஒன்றே ஒன்று கத்தினேன்: "சோத்த நேரத்துக்குத் துன்னுங்க!" அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆள் அவ்வளவு மெலிந்திருந்தார்.

அந்த வாரமே அடுத்த தெருப் பெண்ணுக்குக் கல்யாணம். அவர்கள் பந்தல் வெறும் கீற்றோடு நின்றது. "வாடி வீணாத்தானே பூடும், குடுத்துடலாமா?" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். நானே அவிழ்த்தேன். நானே தூக்கிக்கொண்டு போய், அவர்கள் பந்தலில் ஏணி வைத்து ஏறிக் கட்டினேன். அந்தப் பெண் என் கொன்றைச் சரத்துக்கு அடியில் மாலையும் கழுத்துமாக நின்றபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாள் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வரட்டும் என்று போதகர் ஆவணியிலேயே மூன்று ஞாயிறு மறுபடி கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபையில் வாசித்துவிட்டார். நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பேன். ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டேன் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு அவர் வந்து நின்றார். கூடவே அவர் அக்கா.

"நாலு நாளு குடுத்துக்கீறாங்க," என்றார். "சனிக்கெழம வச்சிக்கலாமா?"

ஊரில் மற்றவர்கள் கல்யாணம் வைக்காத மாதம். அதனால் மேளக்காரர்கள் சும்மா இருந்தார்கள், கூப்பிட்டவுடன் ஒத்துக்கொண்டார்கள். சமையலுக்கும் ஆள் கிடைத்தது. அப்பா கீற்றை வேய்ந்தார். நான் மட்டும் எதையும் தொடவில்லை.

"நான் கட்னாதான் நின்னு பூடுது. இந்தத் தபா வேணாம். வெறுங்கீத்தாவே இருக்கட்டும்," என்றேன். ராசி பார்த்து அப்படிப் பேசுகிற ஆளல்ல நான். ஆனால் அன்று பந்தல் பக்கமே போகவில்லை.

அம்மா வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தாள். வெள்ளி மத்தியானம் அவளும் கூட வேலை செய்த ஆறேழு பெண்களுமாகத் தலையில் சுமையோடு வந்து இறங்கினார்கள். கூலிக்குப் பதில் செடியாகவே கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். வேரில் மண்ணும், பச்சை இலையும், கொத்துக் கொத்தாகக் காயுமாக மல்லாட்டைச் செடிகள்.

"கட்றவளுக்கு ராசி இல்லன்னா நாங்க கட்றோம், போ," என்றாள் அம்மா. "நீ போயி ஒக்காரு."

என்னால் உட்கார முடியுமா? வேரை அலம்பிக் கொடுத்தேன். அவர்கள் செடிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். வெளுத்த காய்கள் மேலேயும் பச்சை இலை கீழேயுமாகப் பந்தல் முழுக்க ஒரு தோட்டம் கவிழ்ந்து நின்றது. ஒருத்தி கேப்பைக் கதிர்களை வாசல் வளைவில் செருகினாள். இன்னொருத்தி குளத்திலிருந்து அல்லி கொண்டுவந்தாள். அதை அகலச் சட்டிகளில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டோம். மழைச் சாரல் பட்டுப்பட்டு எதுவுமே வாடவில்லை. எந்தக் கணத்தில் நானும் கட்ட ஆரம்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அக்கா வந்து அண்ணாந்து பார்த்தார். கலர் பேப்பர் என்று ஏதோ தொடங்கினார். அதற்குள் கூரையிலிருந்து ஒரு பெருந்துளி அவர் நெற்றியில் விழுந்தது. "பேப்பரா இருந்தா இந்நேரம் சாயம் எறங்கி எல்லார் துணியும் பேஜாராயிருக்கும்," என்று அவர் தம்பி, எங்கள் மாப்பிள்ளை, சொன்னார். அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கோயிலில் கல்யாணம் முடிந்து பந்தலுக்கு வந்தோம். போதகர் ஆசீர்வாத ஜெபம் சொல்லும்போது எங்கேயோ படக் படக் என்று சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தால், என் வகுப்புப் பிள்ளைகள் தலைக்கு மேல் தொங்கிய மல்லாட்டையைப் பறித்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் பெரியவர்களும் கையை நீட்டினார்கள். ரயில்காரர்கள் எட்டின உயரம்வரைக்கும் மொட்டையாக்கினார்கள். அக்கா மடியில் கட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். சாயந்திரத்துக்குள் பந்தலில் வெறும் இலைதான் மிச்சம். அதை மாடுகளுக்குப் போட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் விழுப்புரத்துக்கு வண்டி ஏறினோம். மறுநாள் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். உட்கார இடம் கிடைத்ததும் அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எத்தனை நாள் தூக்கமோ. வாய் லேசாகத் திறந்திருந்தது. விரல் இடுக்கில் கரி இருந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு எடத்துல ஒக்காரவே மாட்டியா?" என்றார்.

"வராதுக்கா," என்றேன்.

"இவனக் கட்டிக்கினு அப்பிடி இருந்தா ரொம்பக் கஷ்டம். எப்ப வருவான், எப்ப போவான்னு எவனுக்கும் தெரியாது." பிறகு மடியிலிருந்து ஒரு கை மல்லாட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

விக்கிரவாண்டி தாண்டியது. வெளியே மழை பெய்துகொண்டிருந்த வயல்களில் என்னென்ன பூத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். விழுப்புரத்தில் வண்டி நின்றது. அத்தனை கூட்டத்திலும் அவர் அசையவில்லை. எல்லாருக்கும் எதிரில் எப்படித் தொட்டு எழுப்புவது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏங்க, எழுந்திருங்க. ஊரு வந்துடுச்சி."