சபீனாவின் தக்காளிக்குப் பக்கத்தில் என் தக்காளி

அன்று சந்தை நாள். சுபஹு தொழுதுவிட்டு என் பொலித்தீன் கூடாரத்துக்குள் நின்று தக்காளி ஆய்ந்து பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அப்பால் சபீனாவின் கூடாரத்தில் சத்தமே இல்லை. மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு நபிகள் மீது அவள் ஓதும் ஸலவாத்தும், செடிகளைத் தூக்கிக் கட்டிய கயிறுகளில் அவள் கோலால் தட்டுகிற ஓசையும் கேட்கும். இன்றைக்கு அயர்ந்து தூங்கிவிட்டாள், ஒரு நாளாவது அவளுக்கு முன்னால் சந்தைக்குப் போய் இடம்பிடிக்கலாம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வந்ததுதான்.

பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு சாவை, மௌத்துச் செய்தியை அறிவித்தது. காசிம் என்பவரின் மனைவி என்றார்கள். எந்தக் காசிம் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். ஓட்டோக்காரத் தம்பிதான் சொன்னார்: "ராத்தா, ஒங்கட பக்கத்து ஊட்டு சபீனா ராத்தாதான். ராவு நெஞ்சு நோகுதெண்டு ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனாங்களே, தெரியாதா?" எனக்குத் தெரியாது. கல்முனைச் சந்தை முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருத்தியை, கடைசியில் இன்னாரின் மனைவி என்று அறிவித்தது எனக்குக் கோபமாக இருந்தது. ஏற்றிய பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவளிடம் மரக்கறி வாங்கியவர்கள். 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும். எழுதினால் சபீனாவே சிரிப்பாள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே விவசாய உதவித் திட்டத்தில், ஒரே கிழமையில்தான் கூடாரம் கிடைத்தது. ஒரே விதை, ஒரே தும்புத்தூள், இரண்டு கிணற்றிலும் ஒரே உப்புக் கலந்த தண்ணீர். உறவிலும் எனக்கு மச்சி முறை. இப்படி எல்லாம் ஒன்றாக இருந்தும் அவளுடைய செடி குலைகுலையாகக் காய்த்தது. என் செடி பூத்தது, பூத்துக் கொட்டியது. பொறாமைப்படாமல் என்ன செய்வது?

விவசாயப் போதனாசிரியர் வகுப்பு நடத்திய நாட்களில் ஒன்றில் நான் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன சொல்லிக்கொடுத்தார் என்று சபீனாவிடம் கேட்க என் வாய் இடம்கொடுக்கவில்லை. மதிலோரம் நின்று காதைக் கொடுத்தேன். அவள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பது கேட்டது. கூடவே தட்டுகிற சத்தம். தாளத்துக்குத் தட்டுகிறாள் என்று நினைத்தேன். விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அடுத்த நாளிலிருந்து நானும் என் செடிகளுக்கிடையே நடந்து ஸலவாத்துச் சொன்னேன், அவளைவிட உரக்க. பூ கொட்டுவது நிற்கவில்லை.

ஒருநாள் உப்புக் கேட்டு வந்தவள் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சி, பூவெல்லாம் கீழ கிடக்கி?"

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "நானும் ஒங்களப் போலதான் ஒவ்வொரு நாளும் ஓதுறன். ஒங்கடய மட்டும் அல்லாஹ் ஏத்துக் கபூலாக்குறான் போல" என்றேன்.

கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து ஒரு கயிற்றை விரலால் சுண்டிக் காட்டினாள். மஞ்சள் தூள் போல மகரந்தம் உதிர்ந்தது. "ஸலவாத்து எண்ட வாய்க்கு மச்சி. தட்டுறது பூவுக்கு. இதுக்குள்ள காத்தும் வராது, தேனீயும் வராது. நாமதான் ஆட்டி உடணும். நீங்க ஓதுறத நிப்பாட்டாதீங்க, அது நன்மை. ஆனா தட்டியும் உடுங்க."

அந்தக் கதையை அவள் சந்தையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அப்படி நடந்திருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கடைசியில் என் கதையை நானே சொல்லும்படி ஆயிற்று.

என் கணவர் மௌத்தானபோது, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தேன். வளவைத் தாண்டி வெளியே போக முடியாது. கூடாரம் வளவுக்குள் இருந்ததால் செடிகளைப் பார்க்க முடிந்தது, பழுத்ததை விற்கத்தான் வழி இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட வேறு வருமானமும் இல்லை. முதல் சந்தை நாள் காலையிலேயே சபீனா படலையில் வந்து நின்றாள். "பெட்டியத் தாங்க மச்சி" என்றாள், அவ்வளவுதான். பின்னேரம் வெறும் பெட்டியோடு வந்து, "ஒங்கடதான் முதல்ல முடிஞ்சி" என்றாள்.

என் கையால் விற்று என் பெட்டி ஒரு நாளும் முதலில் முடிந்ததில்லை. பொய் சொல்கிறாளோ என்று அடுத்த கிழமை கோணல் பழங்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினேன். அதுவும் முடிந்து வந்தது. சந்தையில் அவளுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் பொன்னம்மாக்கா என்னைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "தண்ட பெட்டியப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு உங்கடயத்தான் முன்னுக்கு வைக்கிறா புள்ள. வாற ஆக்களிட்ட வீட்டில யாருக்குச் சமைக்கப் போறீங்க எண்டு கேட்டு, அதுக்குத் தக்கதாப் பாத்துக் குடுக்கிறா."

மனுஷிக்கு நன்றிதான் வர வேண்டும். வந்தது. ஆனால் பொறாமை அதற்கு முந்திக்கொண்டது. நான் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன், என் தக்காளி அவளோடு ஊர் சுற்றி நல்ல பெயர் எடுக்கிறது. இத்தா முடிந்து சந்தையில் மறுபடி சாக்கு விரித்தபோது ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்கதானா சபீனா கொண்டுவாற மத்தத் தக்காளிக்குச் சொந்தக்காரி?" என்று கேட்டாள். அன்று முழுக்க நான் சபீனாவோடு கதைக்கவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. வழமை போலத் தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தாள்.

சபீனா மௌத்தான அன்று மையித்து வீட்டில் பெண்கள் கூட்டம் வளவு நிறைந்து வீதிவரை நின்றது. மருதமுனையிலிருந்தும் வந்திருந்தார்கள், சவளக்கடையிலிருந்தும் வந்திருந்தார்கள். பொன்னம்மாக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, நான் மௌத்தானால் இவ்வளவு பேர் வருவார்களா என்று தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குணம் அப்படி.

சில நாள் கழித்துக் காசிம் மச்சான் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "மச்சி, அவட மரமெல்லாம் பழுத்து நிக்கிது. எனக்கு ஆயவும் தெரியா, விக்கவும் தெரியா. மண்ணுல விழுந்து அழுகிப் போனா மனசு கேக்குதில்ல" என்றார்.

அவளுடையதை ஆய்ந்து தனிப் பெட்டியில் வைத்தேன். சந்தையில் எந்தப் பெட்டியை முன்னுக்கு வைத்தேன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அவளுடையதைத்தான், சபீனாட தக்காளி என்று சொல்லி வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் அதையே வாங்கினார்கள். ஒரு மூதாட்டி ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். என் பெட்டியை யாரும் தொடவில்லை. அவளுடைய செடிகள் ஓயும்வரை ஒவ்வொரு சந்தையிலும் இதே கதைதான். மௌத்தானவளோடு போட்டி போட்டும் தோற்றுப்போனேன். என் பழம் என் வீட்டு ஆணச் சட்டிக்கும் கோழிக்கும் போனது. இப்படியே போனால் சந்தையை விட்டுவிட வேண்டியதுதான் என்று பயந்தேன்.

பிறகு ஒரு சந்தைக்கு என் பெட்டிகளோடு மட்டும் போனேன். முதலில் வந்த பெண் தேடிப் பார்த்தாள். "சபீனாட தக்காளி இல்லயா?"

"முடிஞ்சி. இனி வராது."

அவள் போகவும் மனமில்லாமல் நின்றாள். என்னை அறியாமலே கேட்டுவிட்டேன்: "ஊட்டுல யாருக்கு ஆக்கப் போறீங்க?"

"உம்மாவுக்கு. காய்ச்சல். ஒண்டும் இறங்குதில்ல."

பழுத்துக் குழைந்த பழங்களாகப் பொறுக்கி எடுத்தேன். ரசத்துக்கு இதுதான் சரி, காயாக இருந்தால் புளித்துப் போகும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "சபீனா மாதிரியே கேக்கிறீங்க" என்றாள். அடுத்து வந்தவரிடமும் கேட்டேன். அதற்கடுத்தவரிடமும் கேட்டேன். நான் தராசு பிடித்து, என் பெட்டி சந்தையில் முதலாவதாக முடிந்தது அன்றைக்குத்தான். ஓட்டோவில் வரும் வழியெல்லாம் கோபம் தீரவில்லை. நான் வென்ற நாளிலும் அவளுடைய பெயரைத்தானே சொன்னார்கள்.

அவளுடைய மகள் ஞாபகத்துக்கு ஒரு சேலை தந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லி அந்தத் தட்டுகிற கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது வெறும் பூவரசங் கம்பு, அதில் ஒரு அதிசயமும் இல்லை. காலையில் அதைக்கொண்டு தட்டி, ஸலவாத்தும் சொல்கிறேன். மதிலுக்கு அப்பால் யாரும் இல்லாததால் உரக்கச் சொல்லத் தேவையில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

சுவர்க்கத்தில் ஒரு சந்தை உண்டு என்று மௌலவி பயானில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சபீனா எனக்கு முந்திப் போய்விட்டாள். அங்கே இப்போதே சாக்கு விரித்திருப்பாள். யா அல்லாஹ், அவளுக்கு நிழல் விழுகிற நல்ல இடமாகக் கொடு. பக்கத்து இடத்தை எனக்கு வைத்திரு. நான் வந்ததும் அவள் தன் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி என் பெட்டியை முன்னுக்கு வைப்பாள். அதை மட்டும் என்னால் அங்கேயும் பொறுத்துக்கொள்ள முடியாது.