கயிற்றில் சாயம் பூசிய பேரரசரும் கஸ்தூரி அக்காவும்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பர்வீன் என்னை அழைத்தார். ஆம்பூருக்குப் பக்கத்தில் நான் முன்பு வேலை பார்த்த ஷூ கம்பெனியில், கஸ்தூரி அக்காவோடு ஒரே தையல் வரிசையில் பல வருடம் வேலை செய்தவர் அவர். "சார், கஸ்தூரி அக்கா போய்ட்டாங்க. வேலைக்குக் கெளம்பி, ஜடை பின்னிக்கினே சேர்ல உக்காந்தாங்களாம். அவ்ளோதான்" என்றார்.

நான் நம்பவில்லை. பர்வீன் அதுவரை ஒருமுறைகூட என்னை அழைத்ததில்லை. அதோடு, கஸ்தூரி அக்கா சொல்லிவந்த கதையில் ஒரு பேரரசர் தான் இறந்துவிட்டதாகத் தானே முரசறையச் செய்து, யார் யார் அழவில்லை என்று மாடத்திலிருந்து குறித்துக்கொள்வார். அது நினைவுக்கு வரவே, "யார் உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். பர்வீன், "யாரும் சொல்லச் சொல்லல சார். நெஜமாதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்படியும் கம்பெனி வாயிற்காவலரை அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கேள்விக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். ஆனால் எனக்கும் கஸ்தூரி அக்காவுக்கும் இருந்த பழக்கம் சந்தேகத்தில் தொடங்கியது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கஸ்தூரி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேரணாம்பட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை தோல் பதனிடும் இடத்தில் சாயத் தொட்டியில் வேலை செய்தவர். பிளஸ் டூ முடித்ததும் அக்கா ஷூவின் மேல்பாகம் தைக்கும் பகுதியில் சேர்ந்தார். கண் கூர்மையைப் பார்த்து அவரைச் செக்கராக்கினார்கள். தைத்து வருவதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. "தையல் ரொம்ப நேரா இருந்துதுனா இன்னும் ஜாஸ்தி உத்துப் பாக்கணும்" என்பார். மனிதர்களையும் அவர் அப்படியே பார்த்தார். யாராவது திடீரென்று இனிப்பு கொடுத்தால், முதலில் காரணம் கேட்பார். அப்புறம்தான் வாயில் போடுவார்.

அவர் கதை நடக்கும் எழுகரைப் பேரரசு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிறந்தது என்று பர்வீன் பின்னால் சொன்னார். ஏதோ ஒரு டிவி தொடரில் வந்த ராஜாவைப் பற்றிப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ராஜா காலையில் எழுந்து என்ன வேலைதான் செய்கிறான் என்று அக்கா கேட்டாராம். காதலிப்பான், சண்டை போடுவான் என்றிருக்கிறார்கள். "எதனா சட்டம் போட வேணாமா?" என்றவர், சட்டம் போடுகிற ராஜாவைத் தானே சொல்லத் தொடங்கினார். வரிசைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு நாலு குரல்பதிவு. காலைச் சமையலோடு பதிவு செய்வதால் நடுநடுவே குக்கர் விசில் கேட்கும். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் காதில் வைத்துக்கொள்வார்கள்.

பேரரசரின் பெயர் இமையாவேந்தன். கண் சிமிட்டாதவர் என்பதால் அந்தப் பெயர். ஏழு ஆறுகளின் கரைகளை ஆண்ட அவர் ஓயாமல் சீர்திருத்தம் செய்தார். ஊருக்கு ஊர் குளம் வெட்டினார். வளைந்த தெருக்களையெல்லாம் நேராக்கினார். அக்கா மூன்று நாள் அந்தச் சீர்திருத்தத்தின் நன்மையைச் சொல்வார். நாலாம் நாள் அதன் உள்பக்கத்தைக் காட்டுவார். குளத்தங்கரையில் பெண்கள் பேசுவதைக் கேட்க ஆள் இருக்கும். நேரான தெருவில் யார், யாருடைய வீட்டுக்குப் போகிறார்கள் என்பது கோட்டைக் கோபுரத்திலிருந்து தெரியும். அந்த நாலாம் நாளுக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

ஒருமுறை இமையாவேந்தன் ஒவ்வொரு தெருவிலும் வெண்கல மணி கட்டித் தொங்கவிட்டார். அநியாயம் நடந்தால் யாரும் அடிக்கலாம். அடித்தவர் பெயரை யாரும் கேட்கக்கூடாது என்று ஆணை. மக்கள் கொண்டாடினார்கள். நாலாம் நாள், மணிக்கயிற்றில் ஒரு சாயம் தடவப்பட்டிருப்பதை அக்கா சொன்னார். பிடித்த கையில் அது ஒரு வாரம் போகாது. அதிகாரிகள் பெயர் கேட்கவில்லை. கையைக் காட்டு என்று மட்டும் கேட்டார்கள்.

இந்தக் கதை வந்த பத்து நாளில் எங்கள் கம்பெனியில் புகார்ப்பெட்டி வைத்தார்கள்.

நான் அப்போது மேலாளரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். புகார்ச் சீட்டுகளை அந்தக் கதை வருவதற்கு முன்பே அச்சடித்தவன் நான்தான். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே பெரிதாக இருக்கும். கீழே வலது ஓரத்தில், கண்ணுக்கு எளிதில் படாத சிறிய எழுத்தில், எந்த வரிசைக்கு எந்தச் சீட்டு போனது என்று அறிய ஓர் எண் இருக்கும். மேலாளர் சொன்னார், செய்தேன். அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

யாரோ அந்தக் குரல்பதிவை மேலாளருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு அதை எனக்குப் போட்டுக் காட்டினார். கயிறு, சாயம், கை. முடிந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் யார் சொன்னது என்று கண்டுபிடி என்றார்.

பஸ் நேரத்தை அறிவிக்க வேண்டும் என்று காரணம் சொல்லி அந்தக் குழுவில் சேர்ந்தேன். ஒவ்வொரு பகுதியையும் கேட்டு, சுருக்கி எழுதி, வாரக் கடைசியில் மேலாளரிடம் கொடுத்தேன். என் மேசையைத் துடைக்க வருபவர், அச்சு இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர், என் மனைவியின் தங்கை என்று எல்லாரையும் சந்தேகித்தேன். அக்காவே என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவரும் என்னைக் கவனித்திருக்க வேண்டும். நான் குழுவில் சேர்ந்த அடுத்த வாரம், கதையில் அரண்மனை எழுத்தன் ஒருவன் வந்தான். எல்லார் பேச்சையும் ஓலையில் எழுதுவான். தன் பேச்சு மட்டும் அவனுக்கு இருக்காது. பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தபோது, அந்த எழுத்தன் யார் என்று கேட்டேன். "கதையில வர்றவன் சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஒரு மாதம் பார்த்துவிட்டு மேலாளர் அவரை விசாரணைக்கு அழைத்தார். பேசுவதை எழுதிக்கொள்ள நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மேலங்கியைக் கழற்றாமல் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதை கம்பெனியைப் பற்றியதா என்ற கேள்விக்கு, எழுகரையில் ஷூ கம்பெனி கிடையாது என்றார். யார் தூண்டிவிட்டது என்றதற்கு, சாயம் ஏறிய தன் அப்பாவின் கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்றார். மேலாளர் என்னைக் காட்டி, இவர் உங்களுக்கு ஏதாவது சொன்னாரா என்றார். என் பேனா நின்றுவிட்டது. அக்காவுக்கு என்னைப் பிடிக்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். "இவரா? இவரு எங்ககிட்ட பேசவே மாட்டாரு" என்றார் அக்கா.

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப சீட்டுல நம்பர் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு மேலாளரைப் பார்த்தார்.

"சீட்டுல நம்பர் இருக்குதா சார்?"

அக்காவுக்கு எதுவுமே தெரியாது. யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. மேலாளர் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். அக்கா அமைதியாகச் சொன்னார்: "ஒரு ராஜா நல்லது பண்றேன்னு ஒண்ண கொண்டாந்தா, அதுல அவனுக்கு இன்னா ஆவும்னுதான் நான் பாப்பேன். அதுக்கு ஆபீஸ்ல ஆள் வேணுமா சார்?"

அன்று மாலைக்குள் எல்லா வரிசைக்கும் செய்தி போய்விட்டது. மாதக் கடைசியில் நானும் மேலாளரும் பெட்டியைத் திறந்தோம். நிறைய சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வலது ஓரம் கிழிக்கப்பட்டிருந்தது. பாதிக்கு மேல் ஒரே புகார்: பசை ஒட்டும் பகுதியில் வாடை தாங்கவில்லை, காற்று வெளியேற வழியில்லை. அங்கே செல்வி என்ற பெண் இரண்டு முறை மயங்கி விழுந்தது எங்களுக்கும் தெரியும். அதை யாரும் எழுத்தில் தந்ததில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் சுவரை உடைத்து இரண்டு பெரிய காற்றாடிகள் வைத்தார்கள். பெண்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் பார்வையிட வரும் மாதம் அது. காற்றாடி நமக்கா, வருகிறவர்களுக்கா என்று அக்கா கேட்டார். அவர்கள் வந்து போன பிறகும் தினமும் அந்தப் பக்கம் ஒரு நடை போய், அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஓடியது. சந்தோஷம்தானே என்று செல்வி கேட்டதற்கு, "கொஞ்ச நாள் போவட்டும்" என்றார்.

அவருக்குக் கிடைத்தது வேறு. செக்கர் வேலையிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். குழுவை நடத்திவந்த பெண் பயந்துபோய்க் குழுவையே கலைத்துவிட்டார்; மற்றவர்களும் பதிவுகளை அழித்துவிட்டார்கள். அக்காவின் போனும் அதே சமயம் கெட்டுப்போனது. ஏழு ஆறுகளும் இமையாவேந்தனும் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள்.

சில மாதம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் அக்கா நேரே என்னிடம் வந்தார். "நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அது இருக்குதா?" என்றார். எது என்று கேட்டேன். "தெரியும் சார். மொத வாரத்துலயே தெரியும். இருக்குதா?"

யூனியனில் கொடுக்கப் போகிறாரா, என்மேல் வழக்குப் போடப் போகிறாரா என்று மூன்று வாரம் யோசித்தேன். கடைசியில் நகல் எடுத்து, ஒரு பழைய ஷூ பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர் மறுவாரம் அதைத் திருப்பித் தந்தார். சிவப்பு மையில் ஓரமெல்லாம் திருத்தம். பேரரசரின் மகள் தாமிரையின் பெயரை இரண்டு இடத்தில் தவறாக எழுதியிருந்தேனாம். மணி வெண்கலம், நான் பித்தளை என்று எழுதியிருந்தேன். "ஆளுங்கள வேவு பாத்தா ஒழுங்காவாவது பாக்கணும் இல்ல?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். காதில் விழாததுபோல், திருத்திய பிரதி ஒன்று வேண்டும் என்றார்.

அப்புறம் நானே எழுதுபவனானேன். சனிக்கிழமை மாலைகளில் பேரணாம்பட்டு பஸ் நிலைய டீக்கடையில் அவர் சொல்வார், நான் எழுதுவேன், பிரதிகள் வரிசைப் பெண்களிடம் போகும். இமையாவேந்தன் போய்த் தாமிரை பட்டத்துக்கு வந்தாள். கயிறுகளையெல்லாம் அறுத்து வீசினாள், கோபுரத்தை இடித்தாள், கைதிகளை விட்டாள். மூன்று நாள் அல்ல, முப்பது வாரம் அவள் நல்லவளாகவே இருந்தாள். பெண்கள் என்னிடம் ரகசியமாக வந்து, அக்காவிடம் சொல்லி அவளை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார்கள். நான் கேட்டேன். "நானும் அவள தெனம் பாக்கறேன். இன்னும் ஒண்ணும் ஆப்புடல" என்றார். அவருடைய முகத்தில் அன்று இருந்தது கவலையா ஆசையா என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கடந்த வருடம் நான் வாணியம்பாடியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். சனிக்கிழமைகள் குறைந்தன.

அந்தப் புதன்கிழமை நான் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. கம்பெனியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. அதை யாரும் தொடவில்லை. இரண்டு பேர் குறை தேடுவதுபோல் அதைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகள் சுகன்யா என்னைத் தனியே அழைத்து, "நீங்கதான் அந்த ஆபீஸ் சாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கம்மா உங்கள நம்புனாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் வாய் வரவில்லை. "தெரியலம்மா. ஆனா நான் எழுதுனத அவங்க படிக்காம வுட்டதே இல்ல" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினார்.

நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து அம்மாவின் வரிசை வரும்வரை எடுக்கக்கூடாது என்று சுகன்யா நின்றார். பெரியவர்கள் கோபித்தார்கள். அவர் அசையவில்லை. ஆறரை மணிக்குப் பெண்கள் வந்தார்கள், மேலங்கியோடு, விரலில் பசையோடு. செல்வி குனிந்து அக்காவின் கால் விரலைத் தொட்டுக்கொண்டு எழுந்திருக்கவேயில்லை. பர்வீன்தான் தூக்கி நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருக்கோடிவரைதான் போவார்கள். பறை முன்னால் போக, பாடையைத் தூக்கியவர்கள் தெருக்கோடியில் ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார்கள். உறவுப் பெண்கள் நின்றார்கள். சுகன்யா நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் செல்வி, பர்வீன், பிறகு வரிசை முழுவதும். ஒரு பெரியவர் தடுக்கக் கையைத் தூக்கினார். அத்தனை பேரையும் பார்த்துவிட்டுக் கையைக் கீழே விட்டார். ஏரிக்கரை மேல் அந்த நீல மேலங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக, மங்கும் வெளிச்சத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல் போயின. கடைசி ஆளாக நானும் போனேன்.

குழிக்குள் முதல் பிடி மண்ணைச் சுகன்யா போட்டார். அப்புறம் அந்தப் பெண்கள் எல்லாரும் போட்டார்கள்.

நல்லபடியாகப் போங்கள், அக்கா.