எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. "எலுமிச்சம்பழ அளவு. இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான், பயப்படாதீங்க." ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினார். கர்ப்பப்பையின் உள்தோலில் துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். "ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். இங்கே வீட்டில் கலந்து பேசுவது வீட்டோடு நிற்காது.

தஞ்சாவூரிலிருந்து நானும் வீட்டுக்காரரும் பஸ்ஸில் திரும்பியபோது, அவருடைய அக்கா எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருதான். பல வருஷம் முன்னாடியே கர்ப்பப்பையை எடுத்தவர் என்பதால் இந்த விஷயத்தில் ஊருக்கே அவர்தான் தாசில்தார்.

"என்னடி சொன்னாங்க?"

"எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டியாம் அண்ணி."

"நாட்டு எலுமிச்சையா, கடையில விக்குமே அந்தப் பெரிய பழமா?"

"அதக் கேக்கலியேக்கா" என்றார் இவர்.

"இதக்கூடக் கேக்காமயாடா வந்தீங்க, பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போயி?"

மறுநாள் நடவு வயலில் அது சாத்துக்குடி ஆகிவிட்டது. சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வயிற்றையே பார்த்தார். "தேங்கா அளவுன்னாங்களே, உரிச்ச தேங்காயா, உரிக்காததா?" என்றார். வார முடிவில் என்னைப் பார்க்க ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் பூசணிக்காய்க்கு வந்திருந்தார்கள். நான் எழுந்து காபி போட்டதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அண்ணி எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழத்தையே தடை பண்ணிவிட்டார். "பழத்துக்குப் பழம் தெம்பு குடுக்கும்டி." ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் அது காலியானது வேறு விஷயம். ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் இறங்காத என் வீட்டுக்காரர்தான் முதல் நோயாளி மாதிரி மெலிந்தார்.

நடவுப் பெண்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். "புள்ள பெத்து, புள்ளைக்கு கல்யாணமும் ஆச்சு. நெல்ல வித்த பொறவு சாக்கு எதுக்கு? தூக்கிப் போடுங்கக்கா" என்றாள் ஒருத்தி. "நல்லா இருக்கே, சாக்க யாராவது தூக்கிப் போடுவாளா? அடுத்த போகத்துக்கு ஆகும்ல?" என்றாள் இன்னொருத்தி. அதுவரை வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மடையைப் பார்க்கணும் என்று வேகமாகப் போய்விட்டார். மடை அன்றைக்கு மூடித்தான் இருந்தது.

என் கவலை பழத்தில் இல்லை. மாசத்தில் பாதி நாள் எனக்குத் தீட்டாகவே போய்க்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தெருக்கோடி அம்மன் கோயிலில் விளக்கு போடுகிறவள் நான். இப்போது சூலம் தெரிகிற தூரத்தில் ரோட்டில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டு விளக்கை அவர் ஏற்றினார். திரியை எண்ணெயில் முக்கி முக்கி அணைத்துவிட்டு, "ஏ, இது எரிய மாட்டேங்குது" என்று கூப்பிடுவார். சாமி அறைப் பக்கம் நான் போக முடியாது. இருந்த இடத்திலிருந்தே "திரிய மேல தூக்குங்க" என்று கத்துவேன். அப்படிக் கத்தும்போது அழுகை வரும்.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு, மனசில் கேள்வியைக் கேட்டு, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை என்றால் ஆபரேஷன், சிவப்பு என்றால் வேண்டாம்.

"யாருக்கு ஆபரேஷனோ அவதான் போயிக் கேக்கணும்" என்றார் அண்ணி.

"நான் எப்படி அண்ணி கோயிலுக்குள்ள போறது?"

"அதுக்குத்தானடி ஆபரேஷன்."

"அத வேணுமா வேணாமான்னு கேக்கத்தான கோயிலுக்குப் போகணும்?"

அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் அண்ணி தம்பியை அனுப்பினார்.

அவர் குளித்து, ஈர வேட்டியோடு போய், வெள்ளைப் பூவோடு வந்தார். "ஆத்தா சொல்லிட்டா. ஆபரேஷன்தான்" என்று அண்ணி எழுந்தார்.

இவர் வாசற்படியிலேயே நின்றார். "நான் அப்படிக் கேக்கலக்கா."

"பின்ன எப்படிக் கேட்ட?"

"ஆபரேஷன் வேணாம்தான தாயேன்னு கேட்டேன்."

அண்ணி மறுபடியும் உட்கார்ந்தார்.

"வெள்ளைன்னா ஆபரேஷன்னு பேசித்தானடா அனுப்புனேன்?"

"வெள்ளைன்னா சரின்னுதானக்கா அர்த்தம். வேணாம்தானன்னு கேட்டேன், சரின்னுட்டா."

"நீ எப்படிக் கேட்டா என்ன, அவளுக்குத் தெரியாதா நாம பேசி வச்சது?"

"நம்ம வீட்டுல பேசினதுக்கா பதில் சொல்லுவா? கேட்டதுக்குத்தான் சொல்லுவா."

பூசாரியிடமே போய்க் கேட்டார்கள். அவர் மணியைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "பூ எடுக்கிறதுதான் என் பாடு. கேள்வி உங்க பாடு."

அண்ணி போன பிறகு, "ஏங்க அப்படிக் கேட்டீங்க?" என்றேன். குதிகாலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "வாயில அப்படித்தான் வந்துச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "மயக்க ஊசி போட்டா எல்லாரும் முழிச்சுக்குவாங்களா?" என்றார். மாட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

ரிசல்ட் வந்தது, மூன்று பேராகப் போனோம். கெட்ட வியாதி ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. அவர் முடிக்கும் முன்னே அண்ணி குறுக்கிட்டார். "நாட்டு எலுமிச்சைங்களா டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அளவப் பாத்து நான் கத்தி எடுக்கிறதில்லம்மா. இதவிடப் பெரிய கட்டியோட ஒரு தொந்தரவும் இல்லாதவங்க இருக்காங்க. அவங்கள நான் தொடுறதே இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இது உங்கள என்ன பண்ணுது? இதனால உங்களுக்கு எது முடியாமப் போச்சு?"

இத்தனை பழம் பேசினோம், இதை ஒருத்தரும் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை விளக்கு போட முடியல டாக்டர்" என்றேன். சொன்னதும் வெட்கமாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. முதலில் ரத்தப்போக்கை மருந்தில் நிறுத்திப் பார்ப்போம், நிற்காவிட்டால் ஆபரேஷனைப் பேசுவோம் என்றார்.

"சம்பா அறுப்பு முடியட்டுங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"கட்டிக்கு சம்பா குறுவையெல்லாம் தெரியாதுங்க" என்றவர், அண்ணியைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கும்மா எடுத்தாங்க?"

"வெள்ளபடுதுன்னு போனேன். முட்டைப்பையும் சேத்து எடுத்துட்டாங்க. சின்ன வயசுதான் அப்ப."

பேனா நின்றது. "உடம்பு திகுதிகுன்னு எரியுமா? எலும்பெல்லாம் வலிக்குமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல முட்டைப்பைய எடுத்தா அப்படித்தாம்மா ஆகும், வெள்ளபடுறதுக்கு அத எடுக்கவே வேணாம்" என்றார் டாக்டரம்மா. அண்ணிக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ் கண்டியூரைத் தாண்டியது. அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி, "இவங்க அப்ப எங்கடி இருந்தாங்க?" என்றார். மறுநாள் ஊறுகாய் ஜாடி திரும்பி வந்தது. அடியில் நாலு துண்டு கிடந்தது.

மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் மேட்டூர் அணை திறந்த மாதிரிதான். கர்ப்பப்பைக்குள்ளே ஒரு மருந்து வளையம் வைத்தார்கள், அந்தப் பெருக்கில் அதுவும் நழுவி வந்துவிட்டது. மாடி ஏறினால் கண் இருட்டியது. டாக்டரம்மா எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். இன்னொரு வளையம் வைத்துப் பார்க்கலாம், கட்டியை மட்டும் எடுக்கலாம், முட்டைப்பையை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுக்கலாம். "நீங்கதான் சொல்லணும்."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் இவர் தயங்கினார். "மறுபடி ஒரு தடவ பூக்கட்டிப் பாத்துடுவமா? இந்தத் தடவ சரியா கேக்குறேன்."

"வேணாங்க. நானே கேட்டுட்டேன்."

"நீ எப்ப உள்ள போன?"

"ரோட்டுல நின்னுதான் கேட்டேன். உன்கிட்ட வரணும், வழி விடுன்னேன். இதுக்குப் பூவெல்லாம் வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் வந்த முதல் பூக்காரியிடம் வெள்ளைப் பூவாகப் பார்த்து ஒரு முழம் வாங்கிக் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததைத் தட்டில் கொண்டுவந்து வீட்டு ஆட்களுக்குக் காட்டினார்களாம். மயக்கம் தெளிந்து என் காதில் விழுந்த முதல் பேச்சு சாமி பெயர் இல்லை.

"கொய்யாக்காடா அது."

"இல்லக்கா, எலுமிச்சை. நான்தான் கிட்டப் பாத்தேன்."

"கிட்டப் பாத்தியா? சுவரப் புடிச்சுக்கிட்டு கண்ண மூடிட்டு நின்ன. நர்ஸம்மா உனக்குல்ல தண்ணி குடுத்தாங்க."

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். நான் முழித்ததைப் பார்த்து இவர் பேச்சை நிறுத்திவிட்டு, மூக்கைத் துண்டால் துடைத்தார்.

பாரம் தூக்காமல் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போனோம். அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை நான்தான் கோத்தேன், பையை அவர் தூக்கி வந்தார். படியேறி உள்ளே போய், திரியை நானே தூக்கிவிட்டு விளக்கேற்றினேன். நின்று எரிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குசுகுசுவென்று சத்தம். பார்த்தால், இவர் மாலையில் ஒரு பழத்தை விரலால் பிடித்து அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதுதான்க்கா. சரியா இந்த அளவு."

"கைய எடுடா, சாமிக்குப் போட்ட மால" என்றார் அண்ணி. அப்புறம் குனிந்து, அந்தப் பழத்தை நன்றாகப் பார்த்தார்.

"நாட்டு எலுமிச்சைதான்" என்றார்.